சீனவெடியும் வெள்ளைத் துணியும்

1993 மே முதலாம் திகதி, சனிக்கிழமை. எனக்கு அப்போது 22 வயது. கொழும்பில், பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை. மே தினம் என்பதால் கடை பூட்டு. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சந்தில், மேல்மாடி அறை ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் நாலு பேர் இருந்தோம். நான் மொட்டை மாடியில் சாரத்தை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டே முக்கால் இருக்கும். ஒரு சத்தம். தகரக் கூரை ஒரு தடவை அதிர்ந்து நின்றது. புதுக்கடைப் பக்கம் இருந்த காகங்கள் அத்தனையும் ஒன்றாக எழும்பின.

ஷெல் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஷெல் என்றால் முதலில் தூரத்தில் ஒரு குத்து, பிறகு கூவல், அதற்குப் பிறகுதான் வெடி. இது கூவாமல் வெடித்தது. "குண்டு" என்றான் எங்களில் மூத்தவன். சொல்லிக்கொண்டே சேர்ட்டை மாட்டினான், போய்ப் பார்க்க.

வீட்டுக்கார அக்கா படிக்கட்டின் அடியில் நின்றார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர், செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர். இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றி வழியை மறித்தார். "ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. பாக்கப் போறவனத்தான் மொதல்ல புடிப்பான்" என்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். 2011ல் நடந்த இரண்டு சம்பவங்களின் வீடியோக்களை எங்கோ அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த ஆண்டு ஒக்டோபரில் கடாபி கொல்லப்பட்டபோது லிபியாவில் சனம் தெருவில் ஆடியது. டிசம்பரில் கிம் ஜோங் இல் இறந்தபோது வடகொரியாவில் சனம் பனியில் விழுந்து நெஞ்சில் அடித்து அழுதது. "இவங்கள் உண்மையா சந்தோஷப்படுறாங்களா? அவங்கள் உண்மையா அழுறாங்களா அப்பா?" என்று கேட்டாள். லிபியாவையும் கொரியாவையும் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் ஒரு சந்தைப் பற்றிச் சொல்ல முடியும். அந்தச் சந்தில் ஒரே நாளில் இரண்டையும் பார்த்தேன். இரண்டும் உண்மையாகத்தான் இருந்தது.

சரி, அன்றைக்கு வருகிறேன். குண்டு வெடித்தது ஆமர் வீதியில், எங்கள் அறையிலிருந்து நடக்கிற தூரம். ஐக்கிய தேசியக் கட்சியின் மே தின ஊர்வலம் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது. ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச தெருவில் இறங்கி நின்று ஊர்வலத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த ஒருவன் அவரை நெருங்கி, உடம்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்க வைத்தான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது சத்தமும் காகங்களும்தான். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கட்சியின் பச்சைத் தொப்பி போட்ட ஆட்கள் கோஷம் போட்டுக்கொண்டே போனதை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். என்ன நடந்ததென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்குள் எங்கள் சந்தில் மூன்று பெயர்கள் அடிபட்டன. ஒருவர் ஒரு மந்திரி என்றார், இன்னொருவர் ஒரு பொலிஸ் அதிகாரி என்றார். ஜனாதிபதியின் பெயரை மட்டும் எல்லோரும் வாய்க்குள்ளேயே சொன்னார்கள். சில்லறைக் கடை முதலாளி கதவைப் பாதி இழுத்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா உள்ளே இருந்தபடியே இருமினார். "சத்தம் கேட்டது ஐயா, வேற ஒண்டும் தெரியாது" என்றேன். இப்படிப்பட்ட செய்தியை முதலில் சொன்ன ஆளாக இருக்கக் கூடாது என்பதை அந்த இருமலில்தான் படித்தேன். செய்தி உண்மையாக இருந்தாலும் "இவனுக்கு எப்படி முதலே தெரியும்?" என்ற கேள்வி வரும். தமிழ்ப் பெடியனிடம் அது கேள்வியாக மட்டும் நிற்காது.

வானொலியில் பாட்டு நின்று சோக இசை போகத் தொடங்கியதுமே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அரச அறிவிப்பு மாலைதான் வந்தது. ஜனாதிபதி இறந்துவிட்டார், பிரதமர் டி.பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதி, ஊரடங்குச் சட்டம். அவரோடு நின்ற மெய்க்காவலர்களும் ஊர்வலத்துக்கு வந்தவர்களுமாக வேறு பலரும் செத்திருந்தார்கள்.

அறையில் மூத்தவன் மெதுவாகச் சிரித்தான். நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எங்கள் கிணற்றடித் தென்னையை, சகடை என்று நாங்கள் சொல்லும் விமானப்படை விமானம் போட்ட பீப்பாக் குண்டு பாதியில் முறித்தது. அம்மாவிடமிருந்து கடிதம் வந்தே மூன்று மாதம். அந்தச் சண்டையை நடத்திய அரசின் தலைவர் இவர். சிரிப்பு தானாக வந்தது.

அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளோடு மேலே வந்தபோது அதைக் கண்டுவிட்டார். கோப்பைகளைக் கீழே வைக்காமல் தட்டோடு நின்றபடியே சொன்னார்: "செத்தது அவரு மட்டுமா? பக்கத்துல நின்னவங்க யாரு? கொடி புடிக்க வந்த ஏழைங்க. இந்தச் சிரிப்பு இந்த அறையத் தாண்டி வெளிய போச்சுன்னா நாளைக்கு உங்க நாலு பேரையும் நான் எங்க தேடுறது?" அப்புறம்தான் தேத்தண்ணியைத் தந்தார். ஏழைகளைப் பற்றிச் சொன்னது ஒன்று, எங்களைப் பற்றிச் சொன்னது இன்னொன்று. இரண்டும் அவருக்கு ஒரே அளவில் முக்கியம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

எங்களை உண்மையில் ஆட்டிவைத்த பயம் வேறு. பெரியப்பா 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர். உடுத்த சாரமும் ஒரு குடையுமாக வந்தார். அந்தக் குடையை ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கொன்றது தமிழன் என்று தெரிந்தால் கொழும்பு மறுபடி எரியுமோ? அன்றிரவு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் வீட்டிலாவது நித்திரை கொண்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

எரியவில்லை. ஏன் எரியவில்லை என்பதை அந்தச் சந்தே காட்டியது.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தச்சு பாஸ் இருந்தார். கைவேலைக்காரரை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களவர், மாத்தறைப் பக்கத்துக்காரர். வேலை முடிந்தால் வாசலில் வாங்குப் பலகை போட்டு பீடி பிடிப்பார், அதிகம் கதைக்க மாட்டார். அன்று மாலை, ஊரடங்கு தொடங்கச் சற்று முன், சந்தின் பின்பக்கச் சுவரோரம் சீனவெடி வெடித்தது. நாங்கள் துப்பாக்கிச் சூடு என்று நினைத்து நிலத்தில் படுத்தோம். பிறகு அந்தச் சரம் வெடிக்கும் ஒழுங்கு காதில் பிடிபட்டது. யன்னல் நீக்கலால் பார்த்தேன். சித்திரைப் புத்தாண்டுக்கு வாங்கி மிஞ்சிய வெடிக்கட்டை பாஸ் ஒரு ஆணியில் தொங்கவிட்டுக் கொளுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கடைசி வெடி முடிந்ததும் கடதாசித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய தம்பியை 1989ல் கொண்டுபோனார்கள். தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் ஆயுதக் கிளர்ச்சியை அரசு அடக்கிய காலம். இலக்கத் தகடு இல்லாத வாகனங்கள் வரும், பெடியன்கள் போவார்கள், சில நாளில் சந்தியில் டயரோடு எரிந்த உடல்கள் கிடக்கும். தெற்கில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்தக் கதை உண்டு. 1990 பெப்ரவரியில் ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சாவைக் கொழும்பில் அவர் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள், உடல் மொரட்டுவைப் பக்கம் கடற்கரையில் கிடைத்தது. பெயர் உள்ளவருக்கே அப்படியென்றால் ஒரு தச்சனின் தம்பிக்கு யார் கணக்கு வைப்பார்கள்? பிரேமதாச இறப்பதற்கு எட்டு நாள் முன்பு, ஏப்ரல் 23ஆம் திகதி, அவரை எதிர்த்ததால் கட்சியிலிருந்து விலக்கப்பட்ட முன்னாள் அமைச்சர் லலித் அத்துலத்முதலி கிருலப்பனையில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த நாள் ஒரு தமிழ் இளைஞனின் உடலைக் காட்டி, இவன்தான் கொலையாளி என்றார்கள். கொழும்பில் பலர் அதை நம்பவில்லை. ஜனாதிபதியின் மேல்தான் விரலை நீட்டினார்கள். அந்தக் கோபம் ஆறாமல் கிடந்த நேரத்தில் இந்தச் சாவு வந்தது. அன்று சீனவெடி கேட்டது எங்கள் சந்தில் மட்டுமில்லை.

பாஸின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அம்மா. புறக்கோட்டையில் வெற்றிலை விற்பவர். அவர் முன்பு பலகைக் கொட்டிலில் குடியிருந்தவர். கல்வீடு கிடைத்தது பிரேமதாசவின் வீடமைப்புத் திட்டத்தில். மகள் குடும்பத்துக்கு ஜனசவிய என்ற ஏழைகளுக்கான உதவித் திட்டத்தில் பணம் வந்தது. பேரப்பிள்ளைகள் அரசு தந்த சீருடைத் துணியில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த அம்மா தெரு நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்து அழுதார். கமரா இல்லை, அழச் சொல்ல ஆளும் இல்லை. "எங்கட மனுசன் போயிட்டான்" என்ற பொருளில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எங்கட மனுசன் என்பது சும்மா வார்த்தை இல்லை. பிரேமதாச வாழைத்தோட்டம் என்ற கொழும்புப் பகுதியில் வளர்ந்தவர். அவருக்கு முன்பு நாட்டை ஆண்டவர்கள் வளவும் பரம்பரைச் சொத்தும் உள்ளவர்கள். இவர் அந்தச் சந்துகளின் பிள்ளை. விடிய நாலு மணிக்கே எழும்பி அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுப்பார் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே மனிதர்தான் 1991ல் தன்னைப் பதவியிலிருந்து நீக்கக் குற்றப் பிரேரணை கொண்டுவந்தவர்களைக் கட்சியை விட்டே துரத்தினார். வீடு கொடுத்த கையும் ஆட்களைக் காணாமலாக்கிய ஆட்சியும் ஒரே ஆளுடையவை. அதை இரண்டாகப் பிரிக்க எனக்குத் தெரியாது. பிரித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

அடுத்த நாள் காலை வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார்கள். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை நெருங்கிய நேரம் என்பதால் பெடியன்கள் மூங்கில் சீவி, வெளிச்சக்கூடு கட்டுவதற்கு வெள்ளைக் கடதாசி வாங்கி வைத்திருந்தார்கள். அந்தக் கடதாசியே கொடியானது. வெற்றிலைக்கார அம்மா பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்துத் துணியாக்கி, கம்பில் கட்டி, கதவு நிலைக்கு மேலே அடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. ஒரு முக்காலியில் ஏறினார், அதுவும் ஆடியது. பாஸ் வாங்கிலிருந்து பீடியை அணைத்துவிட்டு எழும்பினார். உள்ளே போய்ச் சுத்தியலும் இரண்டு ஒன்றரை அங்குல ஆணியும் எடுத்துவந்தார். இரும்புக் கடைக்காரன் என்பதால் ஆணி என் கண்ணில் பட்டது, என்னிடம் வாங்கியவைதான். ஒரு ஆணியை வாயில் கவ்விக்கொண்டு மற்றதை அடித்தார். துணி சரியாக விழுகிறதா என்று இறங்கி நின்று பார்த்தார், மறுபடி ஏறி இரண்டாவதையும் அடித்தார். முதல் நாள் வெடி கொளுத்தியது யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் ஒரு வெற்றிலையை மடித்து நீட்டினார். பாஸ் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

பாஸ் தன் வீட்டில் கொடி கட்டவில்லை. அதற்காக அவரை யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் கட்ட வேண்டும் என்று அக்கா முடிவெடுத்தார். மூத்தவனுக்குப் பிடிக்கவில்லை. "இது அவருக்கு இல்ல, சந்துக்கு" என்றார் அக்கா. சாவு வீடு உள்ள தெருவில் பாட்டுப் போடாமல் இருப்பது போலத்தான் அது. மனதில் இல்லாத கண்ணீரை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. எதிர்வீட்டில் அழுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பதைக் காட்டினால் போதும். அதற்கு மேல் போய்க் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு திரிந்த ஒரு தமிழ்க் கடைக்காரரை எனக்குத் தெரியும். அவரைத்தான் எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அந்த வாரத்தின் நடைமுறைப் பாடங்கள் சிலவற்றை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது என்றைக்காவது உதவும். சாமான் வாங்கும்போது வழக்கமாக வாங்குவதைத்தான் வாங்க வேண்டும். எங்களில் ஒருவன் பத்து றாத்தல் பாணும் ஐந்து பக்கெட் பால்மாவும் கேட்க, கடையில் நின்ற எல்லாத் தலையும் திரும்பியது. தண்ணீர் மட்டும் எவ்வளவும் பிடித்து வைக்கலாம், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். தொலைபேசியில் "சுகம், சாப்பிட்டேன், வீட்டில் இருக்கிறேன்" என்ற மூன்று சொல்லோடு நிறுத்த வேண்டும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, முதலாளியின் கடிதம் மூன்றையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டுச் சேர்ட் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடிதம் சிங்களத்தில் இருக்க வேண்டும், கடையின் தொலைபேசி இலக்கம் அதில் இருக்க வேண்டும். நித்திரைக்குப் போகும்போதும் அந்தச் சேர்ட் கைக்கெட்டும் தூரத்தில் தொங்க வேண்டும்.

இன்னொன்று. அதைச் சொல்ல இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. தேடுதல் வரும் என்று தெரிந்ததும் அக்கா எங்கள் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். என் பெட்டியில் ஒரு படம். நானும் பள்ளிக்கூட நண்பன் ஒருவனும் பொங்கலன்று சைக்கிள் பாரில் கை வைத்தபடி நிற்கிறோம். அதற்கு அடுத்த வருடம் அவன் ஆயுத இயக்கத்துக்குப் போனான், அதற்கும் அடுத்த வருடம் இல்லாமல் போனான். படத்தில் சீருடை இல்லை, துவக்கு இல்லை, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். ஆனாலும் பயம். குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். முதலில் விளிம்பு சுருண்டது. பிறகு நடுவில் ஒரு பழுப்புக் கொப்புளம் எழும்பி, அவன் முகத்தை நெருப்புத் தின்றது. என் பக்கம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அதையும் குச்சியால் தள்ளினேன். பல வருடம் கழித்து அவனுடைய தாய் என்னிடம், "தம்பி, அவன்ட படம் ஏதும் உன்னட்ட இருக்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன். எரித்ததைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பொருட்களை நல்ல காலத்திலேயே பாதுகாப்பான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பயம் பிடித்த இரவில் எடுக்கிற முடிவில் தேவையில்லாதவையும் சாம்பலாகும்.

மூன்றாம் இரவு ட்ரக் வந்தது. தமிழ்ப் பெடியன்கள் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். நாங்கள் நாலு பேரும் ஏறினோம். ஒரு பொலிஸ் நிலையத்தின் பின் முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் குந்தியிருந்தோம். விடிய ஓர் அதிகாரி ஒவ்வொருவரிடமும் வந்தார். என் கடிதத்தை வாசித்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "ஜனாதிபதி செத்தது சந்தோஷமா?"

ஆம் என்றால் என்ன நடக்கும் என்று தெரியும். இல்லை, கவலை என்றால் பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அம்மாவின் முகம்தான் வந்தது. "சேர், அம்மா யாழ்ப்பாணத்தில. செய்தி போயிருந்தா இப்ப என்னை நினைச்சு அழுதுகொண்டிருப்பா" என்றேன், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில். அவர் கொஞ்ச நேரம் நின்றார். கடிதத்தை மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தார். அன்று பின்னேரம் முதலாளி வந்து கையெழுத்துப் போட்டு எடுத்தார். அக்கா மத்தியானமே சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றிருக்கிறார், உள்ளே விடவில்லை.

அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் பிறகு எத்தனையோ சோதனைச் சாவடியில் அதுவே எனக்குக் கைகொடுத்தது. உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறவரிடம் உங்கள் வாழ்க்கையில் உண்மையான ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அதோடு அவர் வாதாட முடியாது.

பிரேமதாசவின் இறுதிக் கிரியை சுதந்திரச் சதுக்கத்தில் நடந்தது. கொன்றது புலிகள் என்று அரசு சொன்னது. புலிகள் உரிமை கோரவில்லை. மே 17ஆம் திகதி மாகாண சபைத் தேர்தலும் நடந்து முடிந்தது. நாங்கள் கடையைத் திறந்து ஆணி நிறுக்கத் தொடங்கினோம்.

பதினாறு வருடம் கழித்து, 2009 மே 19. நான் வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு தெருவில், மாடி வீட்டில், மனைவி பிள்ளைகளோடு. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, எங்களோடு இருந்தார். 2006ல் கிளிநொச்சியிலிருந்து கண் சத்திர சிகிச்சைக்கென்று வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் நின்றுவிட்டார். அவருடைய கடைசி மகனை வன்னியில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அவன் விரும்பிப் போகவில்லை. 2008க்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

காலையில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் பேசினார், தொடக்கத்தில் தமிழிலும் சில வார்த்தை. பிறகு தொலைக்காட்சியில் பிரபாகரனின் உடலைக் காட்டினார்கள். திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காலி வீதியில் சிங்கக் கொடியோடு ஓட்டோக்கள் போயின, சீனவெடி, பப்பரே வாத்தியம், சந்திக்குச் சந்தி பாற்சோறு. எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகளின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. "ஏன் வெடி கொளுத்துறாங்க, எங்களுக்கும் வாங்கித் தாங்கோ" என்றாள். அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதீர்கள், முழுவதையும் அன்றைக்கே சொல்லவும் வேண்டாம். "சண்டை முடிஞ்சுதெண்டு கொளுத்துறாங்க. எங்கட வீட்டில மாமியின்ர மகனைக் காணேல்ல, அதால நாங்க கொளுத்தேல்ல" என்றேன். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டால் இதையே சொல்லலாம் என்றும் சொன்னேன். அவள் அதைக் கேட்டுவிட்டு மாமியின் மடியில் போய் இருந்தாள்.

மாமிக்குப் பிரபாகரன் மேல் இருந்த கோபத்தை நான் அறிவேன். மகனைப் பறித்த இயக்கம், மாற்றுப் பேச்சுப் பேசினால் உயிரோடு விடாத தலைமை. வீட்டுக்குள்ளேயே இரகசியமாகத் திட்டியிருக்கிறார். ஆனால் அந்த உடம்பை நாலாவது தடவை காட்டியபோது, "நிப்பாட்டு" என்றார். நான் எழும்பும் முன்னமே, துவாய் ஒன்றை எடுத்துத் தொலைக்காட்சியின் மேல் போட்டார். "அவன்ட தாய் தகப்பன் எங்க இருக்குதுகளோ" என்றார். அதற்குள் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. எது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் தொலைபேசி எடுத்து, "அழுறியளோ? அவர் சாகேல்ல!" என்று சத்தம் போட்டார்கள். "சுகம், சாப்பிட்டோம், வீட்டில் இருக்கிறோம்" என்று வைத்தேன். பழைய மூன்று சொல்தான். இப்போதென்றால் வட்ஸ்அப். எந்தத் தலைவர் செத்தாலும் முதல் நாள் எதையும் அனுப்பாதே, ஒரு படத்துக்கும் சிரிப்புப் போடாதே, அழுகையும் போடாதே என்பதுதான் என் மகளுக்கு என் உத்தரவு. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ல் வந்தது, இன்னும் இருக்கிறது. சும்மா பகிர்ந்ததற்காகவே உள்ளே போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டுச் சிங்கள அக்கா. கையில் பீங்கான் தட்டு, வாழையிலையால் மூடியது. உள்ளே வைர வடிவில் வெட்டிய பாற்சோறு, ஓரத்தில் கட்டைச் சம்பல். மனைவிக்கு முகம் இறுகிவிட்டது. எனக்கும் கை நீளவில்லை. அவருடைய மகன் இராணுவத்தில், முல்லைத்தீவுப் பக்கம் நின்றவன் என்று எங்களுக்குத் தெரியும். அவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "மகன் கோல் எடுத்தான். இருக்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

மாமி உள்ளேயிருந்து வந்து தட்டை வாங்கினார்.

அதை நாங்கள் சாப்பிட்டோமா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாமி ஒரு துண்டு சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. என்னால் முடியவில்லை, அதற்காக யாரையும் நான் குறை சொல்லவில்லை.

மூன்று நாள் அந்தத் தட்டு குசினி மேசையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை மாமி சந்தையில் வாங்கிய கதலிப் பழத்தில் நாலை அதில் அடுக்கி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கண் இன்னும் சரியாகத் தெரியாதபடியால் நான் பின்னால் போனேன். கீழ்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார். தட்டை வாங்கிக்கொண்டு, "உங்கட மகன்?" என்று கேட்டார். மாமி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்த அக்கா தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவருக்கு மற்றவர் பாஷை சரியாக வராது.

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இருவரும் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் இறங்கிப் போனேன்.